சாவிக்கொத்தும் மாப்பிள்ளையும்

போன வாரம் இந்த வீட்டைவிட்டு நாம் கிளம்பியபோது எல்லோரும் ஒருவழியாக ஒத்துப்போயிருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். திரைச்சீலை நீலமா பச்சையா என்று மாதக்கணக்கில் சண்டை போட்ட குடும்பம் இது. சாவு விஷயத்தில் மட்டும் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் ஒத்துப்போனால் நம்ப முடியுமா?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீச்சர் என்று ஊரே அழைக்கும் அம்மா, நகராட்சி நீச்சல்குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஏழு வருடங்களுக்கு முன் அதே குளத்தின் கரையில், வாயில் விசிலோடு விழுந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. அங்கேயே நெஞ்சில் கரண்ட் கொடுத்து எழுப்பினார்கள். பிறகு இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மிஷினை வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயம் தாறுமாறாக ஓடினால் அது உள்ளிருந்தே ஓர் உதை கொடுத்து நேராக்கும்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது டீச்சர்தான். மகள் பெரியவள் நாற்பதைத் தாண்டியும் தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. "நீ கொண்டு வரலைன்னா என்ன, ஆஸ்பத்திரி எனக்கு ஒரு மாப்பிள்ளையக் கொடுத்துடுச்சு. வருஷம் பூரா சும்மா உக்காந்திருக்கார். திடீர்னு ஒரு நாள் முறுக்கிக்கிட்டு உதைக்கிறார்" என்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு ஒரு பெட்டி உண்டு. மிஷின் என்ன செய்கிறது என்பதை அது ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் மாப்பிள்ளையின் சூட்கேஸ். ஏதாவது கோளாறு என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், "பார், அவங்க வீட்டுக்குக் கோள் சொல்லிட்டார்" என்று சிரிப்பார்.

இப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. டீச்சரின் இதயம் நாளுக்கு நாள் ஓய்ந்து வருகிறது. இனிமேல் புது வைத்தியம் எதுவும் இல்லை, வலி தெரியாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாப்பிள்ளையிடம் இதை யாரும் சொல்லவில்லை. போன வாரம் ஒரே ராத்திரியில் மூன்று முறை உதைத்தார். அதிலிருந்து டீச்சர் கண்ணை மூடவே பயப்படுகிறார்.

உதைப்பதை மட்டும் நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். கத்தி வைக்க வேண்டியதில்லை. ஒரு பெண் கம்ப்யூட்டரோடு வீட்டுக்கே வந்து நிறுத்திவிடுவாள். நிறுத்தியதால் உயிர் போகாது. போகிற நேரம் வரும்போது இயற்கையாகப் போகும், மிஷின் குறுக்கே நிற்காது, அவ்வளவுதான். டீச்சர் சரி என்றார். பெரியவள் சரி என்றாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவும், அதாவது நம் டிரைவரும், தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் நான் நம்பவில்லை.

* * *

காலையிலிருந்து பெரியவளுக்குக் கை கால் ஓடவில்லை. வீடுகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள் அவள். எந்த அறைக்குள் போனாலும் கண்ணாலேயே அளந்துவிடுவாள். அம்மாவின் அறையில் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினாள், மேஜையை அந்தப் பக்கம் இழுத்தாள். மிஷின் பெண் வந்தால் கம்ப்யூட்டர் வைக்க இடம், பிளக் சொருக இடம், நிற்க இடம். எல்லாம் தயார். மிஷின் பெண்ணைத்தான் காணோம்.

பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றும் ஆயிற்று. பெரியவள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"வர வேண்டாம்னு காலையிலேயே உங்க வீட்டிலிருந்து போன் வந்துச்சே மேடம். வயசானவர் குரல்."

பெரியவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டிரைவர் தொட்டியருகே நின்று ஒரு கப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"ம்."

"அந்தக் கப்பை அப்பவே கழுவிட்டீங்க."

"கறை போகலை."

"அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொன்னீங்களா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் அதை நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலேதான் பதில் சொன்னார்.

"சின்னவன் கேட்டான்."

மகன் சின்னவன் கப்பலில் இன்ஜினியர். நேற்றுத்தான் அவன் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கரை தொட்டது. அங்கிருந்து ஒரு விமானம், நடுவில் எங்கேயோ இறங்கி இன்னொரு விமானம். வீடு வந்து சேர நாளை மறுநாள் காலை ஆகும்.

"நான் வர்ற வரைக்கும் மாப்பிள்ளை இருக்கட்டும்ப்பான்னான். நான் சரின்னுட்டேன்."

"அம்மாகிட்டயும் சரின்னீங்க."

"ஆமா."

"டாக்டர்கிட்டயும் சரின்னீங்க."

"எனக்கு யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லி வராது. உங்கம்மாவைக் கேளு, சொல்லுவா."

பெரியவள் குழாயை மூடினாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு ராத்திரி மறுபடி உதைச்சா என்னப்பா பண்ணுவீங்க? அன்னிக்கு அம்மா கத்தினது உங்க காதுல இன்னும் இல்லையா?"

"இருக்கு. அதுக்காக? சின்னவன் ரெண்டு விமானம் மாறி வந்து எதைப் பார்க்கணும்? பொணத்தையா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவருக்கே உறைத்தது. கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் பெரிசா சொல்றாரே, இயற்கையா போகட்டும்னு. எதும்மா இயற்கை? அன்னிக்குக் குளத்தங்கரையில வந்துச்சே, அதுதான் இயற்கை. அதை நெஞ்சுல கரண்டைக் கொடுத்துத் துரத்தினோம். அப்புறம் ஒவ்வொரு மாத்திரையாக் கொடுத்து வாசல்லயே நிக்க வச்சோம். இத்தனை வருஷம் துரத்திட்டு, இப்பத் திடீர்னு கதவைத் திறந்து, வாங்க உக்காருங்கன்னு சொல்லணுமா? அதுக்குப் பேர் இயற்கையா?"

இதே கேள்வியைப் பெரியவளும் நான்கு நாட்களாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலைப்பா. ஆனா அம்மாவுக்குத் தெரியுது."

அறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்வதுகூட அதிகம். பாதி காற்று, பாதி சீழ்க்கை. முன்பெல்லாம் அந்த விசிலுக்குக் குளமே திரும்பிப் பார்க்கும். இப்போது இரண்டு பேர் திரும்பினார்கள்.

* * *

டீச்சர் நான்கைந்து தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கழுத்தில் விசில்.

"ரகசியம் பேசறவங்க கதவைச் சாத்திக்கணும். ஏங்க, நீங்க இன்ஜின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகினவர். உங்களுக்கெல்லாம் ரகசியம் ஒத்துவராது."

டிரைவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பஸ்ஸைத் தாமதமாகக் கொண்டுவந்து டிப்போவில் நிற்பவரைப் போல இருந்தது அந்த நிற்பு.

"வேண்டாம்னு போன் பண்ணிட்டீங்களா?"

"சின்னவன் வரட்டுமேன்னு..."

"எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா?" டீச்சர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "தாடி வச்சிருக்கான். போன்லதான் பார்த்தேன். என் பிள்ளைக்குத் தாடி! கன்னத்துல கை வச்சுத் தொட்டுப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா இருக்கு தெரியுமா? ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா கண்ணை மூடினா உதை விழுமோ, இப்ப விழுமோ, அடுத்த நிமிஷம் விழுமோன்னு இருக்கு. ஒருத்தனுக்காகக் காத்திருக்கிறதுக்குக் கூட கொஞ்சம் நிம்மதி வேணுங்க."

டிரைவர் குனிந்து கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தார்.

"அவன் வர்ற வரைக்கும் இருந்தா இருப்பேன். இல்லேன்னா இல்லை. அடிச்சு உக்கார வைக்க வேண்டாம்."

"டீச்சர், இதைப் போய் இயற்கைன்னு..." டிரைவர் மறுபடி ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் மனைவியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். காரணம் பின்னால் வருகிறது.

"உங்க பல்லு இயற்கையா?"

டிரைவர் வாயை மூடிக்கொண்டார்.

"கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சாங்களே, அது? நான் ஏதாவது குறை சொன்னேனா? மாப்பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் தயவுலதான் இவ சொந்தமா வீடு வாங்கினதைப் பார்த்தேன், அவன் கப்பல் ஏறினதைப் பார்த்தேன். உங்களோட தினம் சாயங்காலம் சண்டை போட்டேன். எல்லாம் உபரி. ஆனா விருந்தாளின்னா கிளம்பற நேரம் தெரியணும். அவருக்குத் தெரியலை. நாமதான் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடணும்."

பெரியவள் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். மிஷின் பெண் நகரத்தின் மறுகோடியில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். மாலைக்குள் வேலை முடியும், ஆனால் இவ்வளவு தூரம் திரும்பி வர வண்டி கிடையாதாம்.

"நானே போய்க் காருல கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

கிளம்பும்போது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவள் நின்றாள்.

"அப்பா, பிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தம் எங்கே?"

அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனது. வளையல் அளவில், கனமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். மிஷின் பெண் வருவதற்குள் மாப்பிள்ளை உதைக்க ஆரம்பித்தால், அதை எடுத்து மிஷினுக்கு நேர் மேலே நெஞ்சில் வைக்க வேண்டும். அது அங்கே இருக்கும் வரை உதை விழாது. எடுத்தால் பழையபடி விழும். அவசரத்துக்குக் கண்ணில் படட்டும் என்று பெரியவள்தான் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

டிரைவர் பேன்ட் பையைத் தட்டிக் காட்டினார். "என்கிட்டதான் இருக்கு."

"நல்லது. பையிலேயே வச்சுக்குங்க. பக்கத்துலயே இருங்க."

அவள் போய்விட்டாள். உதவிக்காக அப்பா எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள். சின்னவன் வருவதற்குள் யாரும் அதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்றுதான் நேற்று ராத்திரி அவர் அதை எடுத்து ஒளித்தார் என்பது நமக்கு மட்டும் தெரியும். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் எனக்கும் வருகிறது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை.

* * *

வீட்டில் இருவர் மட்டும்.

"ஏங்க, அந்த நீல டப்புல தண்ணி கொண்டு வாங்களேன். காலை வச்சுக்கறேன்."

"எதுக்கு?"

"ஆசையா இருக்கு. வேற எதுக்கு?"

டிரைவர் டப்பில் தண்ணீர் கொண்டு வந்தார். டீச்சரை மெதுவாகக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தார். டீச்சர் கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"குளத்து வாசனை இல்லையே."

டிரைவர் எழுந்து குளியலறைக்குப் போனார். தரை கழுவும் பிளீச் பாட்டிலைக் கொண்டுவந்து அதில் ஒரு துளி விட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது.

"ஆங், இதுதான்."

கட்டைவிரல்கள் தண்ணீரில் அசைந்தன. நீச்சல் பழக வருகிற சின்னப் பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்து முதலில் இப்படித்தான் காலை அடிக்கச் சொல்வார். மாப்பிள்ளை வந்த பிறகு அவர் குளத்தில் இறங்கவே இல்லை. பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் இறங்கலாம் என்று டாக்டர் சொன்னார். தண்ணீருக்குள் உதைத்தால் என்ன செய்வது என்று டிரைவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதன் பிறகு டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து விசில் ஊதித்தான் சொல்லிக்கொடுத்தார். தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருடம் நனையாமல் இருந்த மனுஷி அவர். உயிரை வைத்திருப்பதற்கு அதுதான் அவர் கொடுத்த வாடகை.

"நான் மட்டும் நீச்சல் கத்துக்கிட்டிருந்தா நீ இறங்கியிருப்பே" என்றார் டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

முப்பது வயதில் அவர் நீச்சல் கற்றுக்கொள்ளத்தான் அந்தக் குளத்துக்குப் போனார். ஒரு மாதம் முழுக்கக் குளத்தோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியை விடுங்க, நான் இருக்கேன்ல என்று டீச்சர் தினமும் சொன்னார். டிரைவர் விடவே இல்லை. எத்தனையோ பேருக்குக் கம்பியை விடக் கற்றுக்கொடுத்த டீச்சர் தோற்றுப்போன ஒரே மாணவர் அவர்தான்.

"நீங்க அன்னிக்கே கம்பியை விட்டிருந்தா உங்களுக்கு நான் கிடைச்சிருக்கவே மாட்டேன். கத்துக்கிட்டவங்க எல்லாம் கத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் போகவே இல்லை."

அவள் இல்லாத வீட்டை டிரைவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். இதே டப், இதே கட்டில், இந்தக் குரல் மட்டும் இல்லாமல். இன்னும் ஒரு வாரம் கொடு, இன்னும் ஒரு மாதம் கொடு என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்து கேட்கக்கூடிய இடம் அந்த மிஷின் ஒன்றுதான்.

அப்போதுதான் உதை விழுந்தது.

டீச்சரின் உடம்பு தூக்கிப் போட்டது. கால் பட்டு டப் கவிழ்ந்தது. அறை முழுக்கத் தண்ணீர். டிரைவர் பாய்ந்து தோளைப் பிடித்துத் தலையணைகளில் சாய்த்தார். டீச்சரின் வாய் திறந்திருந்தது, சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, சரியாயிடும்."

சரியாகவில்லை. இரண்டாவது உதையும் விழுந்தது.

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "போதுங்க" என்றார். "போதும்."

டிரைவர் பைக்குள் கையை விட்டார். காந்தம் வந்தது. கூடவே சாவிக்கொத்தும் வந்தது. நேற்று ராத்திரியிலிருந்து இரண்டும் ஒரே பைக்குள் கிடந்து ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. வாசல் சாவி, பின்கதவுச் சாவி, டிப்போ அலமாரியின் பழைய சாவி என்று எல்லாமும் தொங்கின. இழுத்துப் பார்த்தார். பிரிந்து வரவில்லை. பிரித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அப்படியே சாவிக்கொத்தோடு மனைவியின் நெஞ்சில், தழும்புக்கு நேர் மேலே, வைத்து அழுத்தினார்.

மூன்றாவது உதை விழவில்லை.

டீச்சரின் கண்கள் மேலே சொருகின. பிடித்திருந்த கை தளர்ந்து விழுந்தது.

டிரைவருக்கு விஷயம் அந்த நொடியில் முழுசாகப் புரிந்தது. தன் கையைத் தூக்கினால் போதும். மாப்பிள்ளை இன்னொரு உதை கொடுத்து இவளைக் கொண்டுவந்து விடுவார். சின்னவன் வருகிற வரைக்கும் கொண்டுவந்துகொண்டே இருப்பார். தூக்காவிட்டால்? இதைத்தான் டாக்டர் இயற்கை என்றார். இயற்கையாகப் போவதற்கும் ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஆள் நீதான் என்றும் சொல்லவில்லை.

"டீச்சர்" என்றார். "டீச்சர், நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ போறதுன்னா போ. இருக்கிறதுன்னா இரு. நான் கையை எடுக்க மாட்டேன்."

சொல்லும்போதே அழுதார். கை மட்டும் அசையவில்லை. வாழ்நாளில் அவர் எதையும் அவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை, அவ்வளவு ஆசைப்பட்டதை அவ்வளவு கெட்டியாகத் தடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை. டீச்சரின் கன்னம் வெளுத்தது. உதடு நீலம் பாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் ஒரு நீண்ட மூச்சு இழுத்தார்.

பிறகு இன்னொன்று. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருபவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு. மெல்ல உதட்டின் நீலம் கலைந்தது. கண் திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று தேடி, கணவரின் முகத்தில் வந்து நின்றது.

"உதைச்சாரா?"

"இல்லை." டிரைவர் தன் கையைப் பார்த்தார். "உதைக்க விடலை."

டீச்சர் அதை யோசித்துக்கொண்டு கிடந்தார். பிறகு அவர் முகத்தில் பழைய குறும்பு ஒரு கீற்று வந்தது.

"அப்ப நானேதான் வந்தேனா?"

"நீயேதான்."

"பார்த்தீங்களா." நெஞ்சில் கிடந்த பாரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "என்ன இது, சாவிக்கொத்தா? போறவ நெஞ்சுல சாவிக்கொத்தை வைக்கிறீங்களே. வீட்டுப் பொறுப்பை அங்கேயும் நான்தான் பார்க்கணுமா?"

டிரைவர் சிரித்தார், அழுதார். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் மூக்கு ஒழுகியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது.

* * *

பெரியவள் மிஷின் பெண்ணோடு உள்ளே வந்தபோது மாலை வெயில் சுவரில் ஏறியிருந்தது. தரையெல்லாம் ஈரம், டப் கவிழ்ந்து கிடந்தது. அப்பா நனைந்த பேன்ட்டோடு கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் நெஞ்சில் கை வைத்திருந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அம்மா கண்ணைத் திறந்து, "வாம்மா" என்றதும்தான் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கலாமே அப்பா. கை மரத்துப் போயிருக்குமே."

"பிளாஸ்திரியை நம்ப முடியாது."

மிஷின் பெண் அதிகம் பேசாதவள். கம்ப்யூட்டரைத் திறந்து, கையில் பிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். டிரைவரிடம் அல்ல, டீச்சரிடம் குனிந்து கேட்டாள்.

"உதைக்கிறதை நிறுத்திடலாமா? நிதானமாச் சொல்லுங்க. எந்த நேரம் வேணும்னு தோணினாலும் மறுபடி போட்டுடலாம்."

"நிறுத்தும்மா" என்றார் டீச்சர். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நிறுத்துங்க" என்றார் டிரைவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அப்ப கையை எடுங்க ஐயா. அதை எடுத்தாத்தான் என் கருவியை வைக்க முடியும்."

டிரைவர் கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்தன. பெரியவள் பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். காந்தத்தோடு சாவிக்கொத்து கிணுகிணுவென்று எழுந்து வந்தது. மிஷின் பெண் கருவியை வைத்தாள், திரையில் எதையோ தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள்.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர். "ஒரு சத்தம்கூட இல்லையே. வந்தப்ப எவ்வளவு ஆர்ப்பாட்டம்!"

துடிப்பு குறைந்தால் தாங்கிப்பிடிக்கிற வேலையை மிஷின் தொடர்ந்து செய்யும், உதை மட்டும் இனி கிடையாது என்று மிஷின் பெண் விளக்கினாள். கட்டிலருகே இருந்த பெட்டியைக் காட்டி, இது இனிமேல் தேவையில்லை, இருக்கிறதானால் இருக்கட்டும் என்றாள். டிரைவர் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார். ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பார். எரிகிறது, அவள் இருக்கிறாள் என்று திரும்பிப் படுப்பார்.

"மாப்பிள்ளை கிளம்பினா சூட்கேஸும் கிளம்பணும்" என்றார் டீச்சர்.

டிரைவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். கம்பியைச் சுற்றிப் பெண்ணிடம் கொடுத்தார். பெரியவள் அவளைக் காரில் கொண்டுபோய் விடக் கிளம்பினாள்.

அறையில் இருட்டத் தொடங்கியபோது போன் அடித்தது. சின்னவன். பின்னணியில் விமான நிலைய அறிவிப்புகள்.

"அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல ஏறிடுவேன். மாப்பிள்ளை இருக்காருல்ல?"

டிரைவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று சும்மா இருந்தார். யாரிடமும் முடியாது என்று சொல்லி வராத மனிதர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"இல்லைடா. மாப்பிள்ளை கிளம்பிட்டார். நான்தான் அனுப்பி வச்சேன்."

அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு விமானத்துக்கு ஏதோ ஒரு கதவு என்று ஒரு பெண்குரல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா இருக்கா" என்றார் டிரைவர். "உன் தாடியைத் தொட்டுப் பார்க்கணுமாம். எடுத்துடாம வா."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தலையணையில் சாய்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு பயமில்லாமல் கண்ணை மூடினார். டிரைவர் பழக்கத்தில் பச்சை விளக்கைத் தேடினார். அது இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.